கவரில் கிடக்கும் கத்திகளைச் சேர்த்துவிடுங்கள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மடக்குக் கத்தி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, திரும்பச் சேர்க்க முடியாமல் எடுத்து வைத்திருக்கும் தாம்பரம், குரோம்பேட்டை, பம்மல், முடிச்சூர், சேலையூர்ப் பிள்ளைகளுக்கு,



உங்களில் சிலரை முகம் பார்த்துத் தெரியும், பலரைத் தெரியாது. நான் பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். குரோம்பேட்டையில் என் வீட்டு வாசலில் வைஸ் பூட்டிய மேசை ஒன்று கிடக்கிறது. அரிவாள்மணைக்குச் சாணை பிடிக்கவும், திறக்காத பூட்டைக் காட்டவும் அக்கம்பக்கத்தார் வருவார்கள். கொஞ்ச காலமாக உங்கள் வயதுப் பிள்ளைகளும் வருகிறீர்கள். கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஓர் அலகு, இரண்டு தகடு, நாலைந்து திருகு, எதற்கென்று தெரியாத வளையம். "எது எங்க போகும்னே தெரியல ஐயா. நீங்களே வெச்சுக்குங்க, இல்லேன்னா காயலான் கடைல போட்டுடுங்க" என்கிறீர்கள்.

போட மாட்டேன். நீங்களும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். அந்தக் கவருக்குள் இருப்பது முழுக் கத்தி. எதுவும் உடையாமலும் தொலையாமலும் இருந்தால், ஒரு மாலைப்பொழுதில் அது திரும்பக் கத்தியாகிவிடும். அந்த மாலையில் நீங்கள் கற்றுக்கொள்வது, பிரித்த அன்று கற்றதைவிட அதிகம். பிரிக்கும்போது திருகே வழி காட்டிவிடும். ஒன்றைக் கழற்றினால் அடுத்தது கண்ணில் படும். சேர்க்க உட்கார்ந்தால்தான் கேள்வி வரும். வாஷர் ஏன் இரண்டு? ஒரு திருகு மட்டும் ஏன் இத்தனை குட்டை? அச்சாணியின் ஒரு பக்கத்தை மட்டும் ஏன் தட்டையாக ராவியிருக்கிறான்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் கத்தி ஒழுங்காக மூடாது, திறக்காது.

நீங்கள் கத்தி வாங்கும் பல்லாவரத்துக்கு, வெட்டும் கருவி விஷயத்தில் பெரிய பெயர் உண்டு. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் படை அணிவகுப்பு மைதானத்துக்குப் பக்கத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் செய்த கருவி என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அந்தக் கல்தான். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். ஃபூட் சேர்த்து வைத்திருந்த தொகுப்பை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

இதைச் சொல்வது ஊர்ப் பெருமைக்காக மட்டும் இல்லை. கல்லைத் தட்டிச் சில்லு பெயர்த்துக் கருவி செய்தவன் எப்படிச் செய்தான் என்று தெரிந்துகொள்ள, ஆய்வாளர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. சிதறிக் கிடக்கும் சில்லுகளைப் பொறுக்கி, அவை எந்தக் கல்லிலிருந்து பெயர்ந்தனவோ அந்தக் கல்லின் மேலேயே ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்துவார்கள். 1880-லேயே இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கிரேஃபோர்டு என்ற இடத்தில், ஸ்பரெல் என்பவர் அப்படிப் பொருத்திக் காட்டினார். எந்த அடி முதலில் விழுந்தது, அடுத்தது எங்கே விழுந்தது, எந்த இடத்தில் கல் அவன் நினைத்தபடி உடையவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவருகிறது. உடைந்த கல்லையே சேர்த்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கத்தியில் எதுவும் உடையக்கூட இல்லை.

மடக்குக் கத்தி நமக்கு அந்நியமும் அல்ல. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும் இடத்தில் இதையும் சொல்கிறார். பிடிக்குள் ஒரு பக்கம் எழுத்தாணியும் மறுபக்கம் ஓலை வாரும் கத்தியும் மடங்கி உட்கார்ந்திருக்கும். அதைச் செய்த கொல்லருக்கும் உங்கள் கையில் இருக்கும் கத்தியைச் செய்தவருக்கும் கவலை ஒன்றுதான்: அலகு லேசாகத் திரும்ப வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. மடக்குக் கத்தியின் வேலைப்பாடு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சரி, கவரைத் திறப்போம். முதலில் உங்களுடையது திருகு போட்ட கத்தியா, ரிவிட் அடித்த கத்தியா என்று பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு. திருகுக் கத்தி மறுபடி மறுபடி பிரித்துச் சேர்க்கவென்றே செய்யப்பட்டது. கிறிஸ் ரீவ் என்கிற தென்னாப்பிரிக்கர் அமெரிக்காவில் செய்த செபென்சா கத்தி, கழற்றும் சாவியையும் பெட்டிக்குள் வைத்தே விற்கப்பட்டது. பிரித்தால் வாரன்டி போய்விடும் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. வாங்கியவருக்கே பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் என்ற பேச்சு இங்கும் நடக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அதற்காக ஒரு குழு அமைத்தது. செல்போனுக்கும் டிராக்டருக்கும் பேசப்படும் அந்த உரிமை, சந்தையில் வாங்கிய கத்திக்கு யாரும் கேட்காமலே உங்களிடம் இருக்கிறது.

திருகுக் கத்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கவர்களில் அதிகம் வருவது அதுதான். அதிலும் பெரும்பாலானவை லைனர் லாக் வகை: கைப்பிடியின் உள்தகட்டில் ஒரு நாக்கு வெட்டி, லேசாக உட்பக்கம் வளைத்திருப்பார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் அந்த நாக்கு நகர்ந்துவந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும்.

வேலை தொடங்கும் முன் அலகின் விளிம்பு முழுவதும் டேப் சுற்றிவிடுங்கள். சேர்க்கும்போது கை வெட்டுப்படுவது பெரும்பாலும் அலகு வழுக்கும்போதுதான். வீட்டில் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் இருக்கும். அதில் வெள்ளைத் துணியை விரித்து, அதற்குள்ளேயே எல்லாவற்றையும் செய்யுங்கள். இந்தத் திருகுகள் கீழே விழுந்தால் மொசைக் தரையில் கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரத் தலைத் திருகுக்கு நட்சத்திர பிட்டே வேண்டும். பெரும்பாலும் 6, 8 என்ற எண்ணுள்ள பிட்டுகள் போதும். செல்போன், லேப்டாப் ரிப்பேர் செய்கிறவர்களிடம் இருக்கும் செட்டில் கிடைக்கும். கிடைத்ததை வைத்துத் திருகினால் தலை வழுக்கிப்போகும். அதன் பிறகு என்னாலும் எளிதில் எடுக்க முடியாது.

எல்லாச் சாமானையும் துடையுங்கள். திருகின் மரையில் நீல நிறத்தில் பொடி ஒட்டியிருந்தால் அது அழுக்கில்லை. திருகு தானாகக் கழலாமல் இருக்கப் போட்ட பசை காய்ந்தது. பழைய பல் பிரஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அப்புறம் திருகுகளை நீளம் பார்த்து வரிசையாக வையுங்கள். கிளிப்பைப் பிடிக்கும் திருகுகள் மிகக் குட்டை. கைப்பிடியைப் பிடிப்பவை கொஞ்சம் நீளம். அச்சாணிக்குள் போவது தடி. கிளிப் இருக்கும் இடத்தில் நீளமான திருகைப் போட்டுவிட்டால் அது மறுபக்கம் எட்டிப் பார்த்து அலகை உரசும், அல்லது லாக் நாக்கை நகரவிடாது. "எல்லாம் சரியாப் போட்டேன், ஆனா கத்தி மடங்கல" என்று வருகிற கத்திகளில் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இப்போது அச்சாணியின் தலை உட்காரும் பக்கத்துத் தகட்டை எடுத்து, வெளிப்புறம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். அச்சாணியை அடியிலிருந்து மேலே செருகுங்கள். அதன் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால், தகட்டின் ஓட்டையிலும் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். இரண்டு தட்டையும் ஒன்றாக வரும்வரை சுற்றினால் அது தானாக இறங்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து திருகை இறுக்கும்போது அச்சாணியும் கூடவே சுற்றாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. சுத்தியால் தட்டி இறக்கக் கூடாது.

அச்சாணியின் மேல் முதல் வாஷர். அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் போட்டால் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் அலகு. அலகின் மேல் இரண்டாவது வாஷர். வாஷர் இரண்டும் அலகின் இரு பக்கமும் ஒவ்வொன்றாகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டால் அலகு ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும், மறுபக்கம் இரும்பும் இரும்பும் உரசும். பழைய வாஷர்களைக் கண்ணாடி மேல் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். தட்டையாகப் படியாமல் ஆடினால் வளைந்திருக்கிறது. மெல்லிய வெண்கல வாஷரைக் கண்ணாடித் தகட்டின் மேல் நுண்ணிய எமரித் தாளில் வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். அதிகம் தேய்த்தால் மெலிந்து, அலகு ஆட ஆரம்பித்துவிடும்.

அலகை மூடிய நிலையில், அதாவது விளிம்பு கைப்பிடிக்குள் இருக்கும்படி வையுங்கள். திறந்த நிலையிலும் சேர்க்கலாம்தான். கைக்குப் பாதுகாப்பு மூடிய நிலை. பிறகு அலகு வந்து முட்டி நிற்கும் சின்ன உருளை ஆணி, ஸ்டாப் பின் என்பார்கள், அதை அதன் குழியில் நிறுத்துங்கள். முதுகுப் பக்கத்தில் தகடுகளுக்கு நடுவே நிற்கும் தூண்களையோ பட்டையையோ வையுங்கள். கடைசியாக நாக்கு உள்ள தகட்டை மேலிருந்து நேராக இறக்குங்கள். நாக்கின் உட்பக்கம் கடுகைவிடச் சின்னதாக ஓர் இரும்புக் குண்டு பதித்திருக்கும். மூடியிருக்கும்போது அலகிலுள்ள குழியில் அது விழுந்து உட்காரும். பையில் கிடக்கும் கத்தி தானாகத் திறக்காமல் பிடித்துக்கொள்வது அந்தக் குண்டுதான்.

மேல் தகடு முழுதாகப் படியவில்லையா? இங்கேதான் பலரும் பொறுமை இழக்கிறீர்கள். திருகைப் போட்டு இறுக்கினால் இடைவெளி மூடிவிடும் என்று நினைக்காதீர்கள். மூடாது, மரைதான் போகும். தகட்டைத் தூக்குங்கள். ஸ்டாப் பின் குழியில் நிற்கிறதா, வாஷர் ஒரு பக்கம் நழுவியிருக்கிறதா, முதுகுப் பட்டை தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் விரல் அழுத்தத்திலேயே தகடு படிந்துவிடும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறவர்களுக்கு முதல் பாடங்களில் ஒன்று, இரும்புத் துண்டை ராவி இன்னொன்றுக்குள் பொருத்துவது. பொருத்தியதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நடுவில் ஒளி கசிகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நீங்களும் கத்தியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எங்கே முட்டுகிறது என்று ஒளி காட்டிக்கொடுக்கும்.

திருகு போடும்போது ஒரு பழக்கம். ஓட்டையில் வைத்ததும் வலப்பக்கம் திருப்பாதீர்கள். முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் "டிக்" என்று லேசாக இறங்குவது விரலுக்குத் தெரியும். மரையும் மரையும் சந்திக்கும் இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை குறுக்கே ஏறாது. குறுக்கு மரை ஏறிய சின்னத் திருகைவிட மோசமான தொல்லை இந்த வேலையில் இல்லை. இந்தப் பழக்கம் கத்தியோடு நிற்காது. குழாய்க் கைப்பிடி முதல், வலப்பக்கம் திருப்பி இறுக்கும் எல்லாவற்றுக்கும் உதவும்.

எல்லாத் திருகையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் போட்டு விடுங்கள். எதையும் முழுதாக இறுக்காதீர்கள். இப்போது அலகை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். திரும்பினால், அலகை மூடிய நிலையில் அது இரண்டு தகட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து இடைவெளியில் தாளை மடித்துச் செருகி, அலகை நடுவுக்குக் கொண்டுவந்து, அப்படியே அச்சுத் திருகைப் பிடிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு கைப்பிடித் திருகுகளை மாற்றி மாற்றி, ஒன்றை மட்டும் முழுதாக முடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கார் சக்கரத்து நட்டுகளை மெக்கானிக் எதிரெதிராக இறுக்குவாரே, அதே முறை.

கடைசி வேலை அச்சாணி. அலகு திரும்பக் கஷ்டப்படும்வரை இறுக்கி, அங்கிருந்து மிகச் சிறிதாகத் தளர்த்துங்கள். முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு, சில கத்திகளில் அதைவிடவும் குறைவு. கத்தியைத் திறந்து, அலகின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தளர்வு அதிகம். ஆட்டமில்லாமலும் கட்டைவிரலுக்கு இடறாமலும் திரும்புகிற ஓர் இடம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பத்துத் தடவை திருப்ப வேண்டியிருந்தாலும் திருப்புங்கள். இந்த இடத்தை உங்கள் விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

லாக்கைச் சோதிக்காமல் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். திறந்த கத்தியில் நாக்கு அலகின் அடியை முழுதாகத் தொட்டு நிற்க வேண்டும். விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அழுத்தும்போது நழுவும். மடங்கும் வழியில் விரல் இல்லாமல் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மரப்பலகையில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓங்கி அடிக்கத் தேவையில்லை. நாக்கு அலகைத் தொடும் இடத்தில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள். எல்லாம் திருப்தி என்றால் ஒவ்வொரு திருகாக வெளியே எடுத்து, மரையில் குண்டூசி முனையளவு நீல லாக்டைட் பசை தொட்டுத் திரும்பப் போடுங்கள். அது வாஷர் பக்கம் வழிந்தால் அலகு ஒட்டிக்கொள்ளும், கவனம். சிவப்பு லாக்டைட் வேண்டவே வேண்டாம். அதை இளக்க நிறையச் சூடு வேண்டும். திருகு ஏற்கெனவே இறுகிக் கிடந்தால் சால்டரிங் இரும்பின் முனையைத் தலையில் கொஞ்ச நேரம் வைத்தால் உள்ளே பசை இளகும்.

ரிவிட் கத்திக்கு வருகிறேன். இவற்றில் சுவிஸ் வகையை முதலில் சொல்லிவிட வேண்டும். கார்ல் எல்செனர் 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் பட்டறை தொடங்கினார். ராணுவ அதிகாரிகளுக்கென்று அவர் செய்த கத்தி 1897-ல் பதிவானது. சிவப்புக் கைப்பிடியுள்ள அந்தக் கத்தியையும் அதைப் பார்த்துச் செய்த மலிவுக் கத்திகளையும் பிரிக்காதீர்கள். அடுக்கடுக்காக அலகும் தகடும் ஸ்பிரிங்கும் வைத்து ஒரே மூச்சில் ரிவிட் அடித்துச் செய்கிறார்கள். உள்ளே அழுக்கு என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, எல்லா அலகையும் திறந்து மூடி, நன்றாக உலர்த்தி, மூட்டுக்கு மூட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

பழைய பேனாக்கத்தி வேறு. ஒரே அலகு, முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை, பித்தளைத் தகடு, மூன்று ஆணி. லாக் கிடையாது, ஸ்பிரிங்கின் அழுத்தத்திலேயே திறந்தும் மூடியும் நிற்கும். அலகில் ஓட்டை தேய்ந்தோ ஸ்பிரிங் துருவேறியோ இருந்ததால் ஆணியை அடித்து வெளியே எடுத்துவிட்டீர்கள். அது சரியான காரியம். ஆனால் பழைய ஆணியைத் திரும்பப் போட முடியாது. ஓட்டைக்கு இறுக்கமாகப் போகும் பித்தளைக் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே சூட்சுமம் ஸ்பிரிங்கில் இருக்கிறது. அது தளர்ந்து படுத்துக்கிடக்கும் பட்டை இல்லை. கத்திக்குள் இருக்கும்போது எப்போதும் வளைந்து, அழுத்தத்திலேயே இருக்க வேண்டும். அதனால் மூன்று ஆணியில் இரண்டு சுலபமாகப் போகும், மூன்றாவது ஓட்டை நேராக வராது. ஒரு ஆணியின் முனையைக் கூராக ராவி, அதை முதலில் செருகி ஓட்டைகளை நேராக்குங்கள். வைஸில் இரண்டு மரத்துண்டு வைத்து ஸ்பிரிங்கை லேசாக அழுத்திப் பிடித்தால் அது இறங்கிவிடும். பிறகு அதற்குப் பின்னாலேயே நிஜ ஆணியைத் தள்ளினால் கூர் ஆணி மறுபக்கம் வெளியே வரும். மூன்றும் போனதும் திறந்து பாருங்கள், மூடிப் பாருங்கள். இரண்டு நிலையிலும் ஸ்பிரிங்கின் முதுகு தகடுகளோடு சமமாக நிற்க வேண்டும். ஒரு நிலையில் துருத்தினால் ரிவிட் அடிக்காதீர்கள். திரும்பக் கழற்றி, அலகின் அடியில் ஸ்பிரிங் தொடும் இடத்தைக் கொஞ்சமாக ராவி, மறுபடி சேர்த்துப் பாருங்கள். நல்ல பேனாக்கத்தி செய்கிறவர்கள் இதை எத்தனையோ தடவை செய்வார்கள். அதில் நேரம் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

சமம் வந்த பிறகுதான் சுத்தியல். ஆணி இரு பக்கமும் நூலளவு வெளியே நிற்கும்படி வெட்டி, ராவி, கீழே கனமான இரும்பை முட்டுக்கொடுத்து, சின்ன உருண்டைத்தலைச் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அல்ல, மணிக்கட்டை மட்டும் அசைத்து, சுற்றிச் சுற்றி. ஆணியின் தலை காளான்போல விரிய வேண்டும். அலகுக்கும் தகட்டுக்கும் நடுவில், அடிக்கும் முன்பே, மிக மெல்லிய பித்தளைத் தகட்டில் ஆணியை வளைத்துப் போகும்படி ஒரு பிளவு வெட்டிச் செருகி வையுங்கள். ரிவிட் முடிந்ததும் அதை உருவினால், அலகு திரும்ப வேண்டிய இடைவெளி மிச்சமிருக்கும். செருகாமல் அடித்தால் கத்தி இறுகிப்போய்த் திறக்காது.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் பிரித்ததற்கு அதுவும் காரணம். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் அடையாறு வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் திரும்பவும். தண்ணீர் வடிந்த பிறகு அங்கே டூல் பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். துரு மேலே தெரியும், துடைக்கலாம். கூடவே நுண்ணிய வண்டல் மூட்டுகளுக்குள் போய்விடும். திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் எமரித் தாள்போல வாஷரைத் தின்னும். வெளியிலிருந்து எத்தனை எண்ணெய் விட்டாலும் அது போகாது, பிரித்துத்தான் கழுவ வேண்டும். அதனால் வெள்ளத்தில் நனைந்த கத்தியைப் பிரித்த பிள்ளையை யாரும் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். பிரித்தது சரி. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, உலர்த்திச் சேர்க்க வேண்டியது பாக்கி.

எண்ணெய்க்குத் தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளானால் பிசுபிசுத்து மூட்டு இறுகும். மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கிய கார்பன் எஃகு அலகைக் கழுவாமல் மடக்கினால் மறுநாள் கறுத்திருக்கும். நம் ஊர்க் கடற்காற்றில் அது துருவாக அதிக நாளாகாது.

கத்தி என்றதும் வீட்டில் பெரியவர்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. மாணவர்கள் பட்டாக்கத்தியோடு பிடிபட்டார்கள் என்று செய்தியில் பார்த்த அம்மாவுக்கு, மேசையில் கிடக்கும் அலகு என்ன நினைவைத் தரும்? ஒளித்துச் செய்யாதீர்கள். அம்மா பார்க்கிற இடத்தில், கூடத்திலேயே உட்கார்ந்து சேருங்கள். ஆயுத விதிகள் 2016-ன்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அறிவியலுக்கோ தொழிலுக்கோ செய்யப்படாதவை, ஆயுதப் பட்டியலில் வருகின்றன. உங்கள் கத்திகள் அந்த அளவில் பாதிகூட இல்லை. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு மின்சார ரயிலில் போகலாம் என்று அர்த்தமாகாது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் கொண்டுபோகாதீர்கள். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது கைப்பையில் இருந்தால் பறிமுதல்தான். செக்-இன் பெட்டியில் வையுங்கள். அது இருக்க வேண்டிய இடம் டூல் பெட்டி. பார்சல் கயிறு, மாங்காய், செடி ஒட்டு, பென்சில் என்று அதற்கு வீட்டிலேயே வேலை நிறைய இருக்கிறது.

இத்தனையும் படித்த பிறகும் கவரைப் பார்த்துத் தயக்கம் வந்தால், என் மேசைக்கு வாருங்கள். கத்தியை நான் சேர்த்துத் தர மாட்டேன். வைஸ், அரம், பிட் செட், எண்ணெய் எல்லாம் தருவேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், எங்கே முட்டுகிறது என்று காட்டுவேன். திருகை நீங்கள்தான் திருப்ப வேண்டும். பெண் பிள்ளைகள் சிலர், அண்ணன் பிரித்துப் போட்ட கத்தியைக் கொண்டுவந்து, "நான் சேர்க்கலாமா தாத்தா?" என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். கேட்கவே வேண்டியதில்லை.

திருகு தொலைந்தவர்களுக்கு: பெரும்பாலும் அது 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் மரைதான். செத்துப்போன லேப்டாப்பின் அடித்தட்டிலிருந்து கழற்றியது பல கத்திகளுக்குப் பொருந்தியிருக்கிறது. நீளம் அதிகமென்றால் ராவிக் குறைக்கலாம். வாஷர் தொலைந்திருந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம், நானே வெட்டக் கற்றுத்தருகிறேன். ஸ்பிரிங் உடைந்திருந்தால் மட்டும் கொஞ்சம் பெரிய வேலை: புதிதாக ராவி, சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, பதம் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். வரும்போது கவரைக் கொட்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். தொலைந்துபோனதாக நீங்கள் நினைக்கும் வாஷர், எண்ணெய்ப் பிசுக்கில் கவரின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற டூல்ரூம் ஃபிட்டர் ஒருவர்
குரோம்பேட்டை